கரையில் நடந்த கப்பல் வேலை

வட்டக்கோட்டை மதிலில் ஏறி நின்றால் முன்னால் கடல் மட்டுந்தான். திரும்பிப் பார்த்தால் தென்னந்தோப்பும் அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகளும் தெரியும். தெற்கே போனால் சின்னமுட்டம் துறைமுகம், அதையும் தாண்டினால் கன்னியாகுமரி. 1741இல் கொளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையிலேயே சேர்ந்து பலப்படுத்திக் கட்டிய கோட்டை என்று படித்திருக்கிறோம். கடல்வழியாக யார் வருகிறார்கள் என்று காவல் பார்ப்பதற்கான இடம். காவல் பார்த்தவர்களுக்கு மதில் இருந்தது, சம்பளம் இருந்தது.

இந்தக் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த வேறு சிலரும் உண்டு. போனவர் திரும்பிவிட்டாரா என்று பார்த்த பெண்கள். கோட்டையின் வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

2020, 2021 ஆண்டுகளில் கடலோடிகள் பட்ட பாட்டைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவை முதல் கப்பல் முதலாளிகள் சங்கங்கள் வரை ஏராளமாகப் பேசியிருக்கிறார்கள். களைப்பு, மன அழுத்தம், ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமை, துறைமுகத்தில் மருத்துவம் மறுக்கப்பட்டது என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்த அறிக்கைகளிலும் செய்திகளிலும் பெண்கள் பெரும்பாலும் ஒரே சொல்லாகத்தான் வருகிறார்கள்: ‘குடும்பத்தினர்’. ‘குடும்பத்தினர் கோரிக்கை’, ‘குடும்பத்தினர் கண்ணீர்’. அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கடல் வேலையின் ஒரு பகுதி எப்போதுமே கரையில், பெண்களால், கூலியில்லாமல் செய்யப்படுகிறது. தொற்றுக்காலத்தில் அந்தப் பகுதி பல மடங்கு பெருகியது. சட்டம் அதை வேலை என்று எண்ணவில்லை. வரலாறும் எண்ணாமல் விட்டுவிடுமோ என்பதுதான் என் கவலை.

நோயும் கப்பலும்

கப்பலையும் நோயையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பழையது. 1377இல் அட்ரியாடிக் கடலோர நகரமான ரகூசா, கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருபவர்கள் முப்பது நாள் ஒதுங்கியிருந்த பிறகே நகருக்குள் வரலாம் என்று சட்டம் போட்டது. பிறகு அது நாற்பது நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ‘குவாரன்டைன்’ பிறந்தது. நம் பக்கத்திலும் இதன் தடம் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேறுமுன் அடைத்துவைத்துச் சோதித்த முகாம்கள் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபத்திலும் இருந்தன. மண்டபத்தில் ரயில் நிலையத்தின் பெயரிலேயே ‘கேம்ப்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அடைபட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

1918இல் இன்ப்ளூயன்சா இந்தியாவுக்குள் நுழைந்ததும் கப்பல் வழியாகத்தான், பம்பாய்த் துறைமுகத்தில். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெண்களின் சாவு ஆண்களைவிட அதிகம். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள், சாப்பாட்டில் கடைசிப் பங்கு கிடைத்தவர்களும் பெண்கள் என்பதை அன்றைய சுகாதார அதிகாரிகளே காரணமாகக் குறித்தார்கள். கப்பலில் வந்த நோய் வீட்டுக்குள் வந்ததும் அதைத் தாங்குவது யார் பொறுப்பானது என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

ஒன்பது மாதம் பதினைந்து மாதமான கதை

என் பெரியம்மா மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அத்தான் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். 2019 செப்டம்பரில் ஏறினார். ஒன்பது மாத ஒப்பந்தம். 2020 ஜூனில் இறங்கியிருக்க வேண்டும்.

இறங்க முடியவில்லை. 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்களை இந்தியா நிறுத்தியது. மார்ச் 25 முதல் நாடே முடங்கியது. கப்பலிலிருந்து ஒருவர் இறங்க வேண்டுமென்றால் அவருக்குப் பதில் இன்னொருவர் ஏற வேண்டும். ஏறுகிறவருக்கு விமானமும் விசாவும் வேண்டும், இறங்குகிறவரைத் துறைமுகம் உள்ளே விட வேண்டும். உலகம் முழுக்க இந்தச் சங்கிலி ஒரே நேரத்தில் அறுந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி, இந்தியத் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் ஏறவும் இறங்கவும் உள்துறை அமைச்சகம் நடைமுறை வகுத்தது. ஆனால் எல்லாக் கப்பலும் இந்தியத் துறைமுகத்துக்கு வருவதில்லை. 2020 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே கிடந்தவர்கள் உலகில் 4 லட்சம் பேர் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு கணக்குச் சொன்னது. ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் ஏற வழியில்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கப்பல் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குக் கப்பலில் இருக்கும் மாதங்களுக்குத்தான் சம்பளம். வீட்டில் இருக்கும் மாதத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆறு மாதம் வேலை, நான்கு மாதம் வீடு என்று கணக்குப் போட்டு வாங்கிய கடன் பத்து மாதம் வீடு என்றானபோது நகை அடகுக் கடைக்குப் போனது. அடகுக் கடை வரிசையில் நின்றவர் பெரும்பாலும் மனைவி.

அக்காள் வீட்டில் அப்போது ஒரே ஒரு நல்ல போன். காலையில் அது பெரிய பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. மதியம் சின்னவளுக்கு. அத்தான் கப்பலில் நெட் கார்டு வாங்கிக் கூப்பிடும் நேரம் எதுவென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அது கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வகுப்பின் நடுவே அழைப்பு வந்தால் வகுப்பை விடுவதா, அப்பாவை விடுவதா என்று பிள்ளைகளுக்குள் சண்டை. மாமியாருக்குத் தொற்று வந்து பதினைந்து நாள் தனியறையில் இருந்ததை அக்காள் அத்தானிடம் சொல்லவில்லை. கப்பலில் ஒருவர் மயங்கி விழுந்ததையும், கரைக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்காமல் இரண்டு நாள் நங்கூரத்தில் நின்றதையும் அத்தான் அக்காளிடம் சொல்லவில்லை. இரண்டையும் நாங்கள் அறிந்தது அவர் வந்த பிறகுதான். ‘கடலோடிகளின் மனநலம்’ என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதைக் காப்பாற்ற இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. செய்தியை வடிகட்டிக் கொடுக்கும் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது. அத்தானை அனுப்பிய ஏஜென்சிக்கு அக்காள் வாரம் இரண்டு தடவை போன் செய்தாள். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், பேசியவர் ஆணா பெண்ணா, என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்தாள். ‘அடுத்த போர்ட்’ என்ற பதில் அதில் பதினேழு இடத்தில் இருக்கிறது.

அவளைப் போன்றவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். ஆஸ்திரேலிய நிலக்கரியோடு சீனத் துறைமுகங்களுக்குப் போன ஜக் ஆனந்த், அனஸ்தேசியா என்ற இரண்டு கப்பல்கள் சரக்கை இறக்க முடியாமல் 2020இல் மாதக்கணக்கில் நங்கூரத்தில் நின்றன. இரண்டிலும் சேர்த்து 39 இந்தியர்கள். வீட்டார் விடாமல் எழுப்பிய குரலால்தான் அது ஊடகங்களில் நிலைத்தது. அவர்கள் ஊர் திரும்ப 2021 ஆனது. டயமண்ட் பிரின்சஸ் சொகுசுக் கப்பல் 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் ஒதுக்கி நிறுத்தப்பட்டபோது பயணிகள் அறைக்குள் இருக்க, ஊழியர்கள் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பலர் சேர்ந்து தங்கும் அறைகளில்தான் தூங்கினார்கள். 3,700க்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் கப்பலில் 700க்கும் அதிகமானோருக்குத் தொற்று. ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள்.

பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு

இதே மாதங்களில் குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் வேறொரு காத்திருப்பு நடந்தது. இங்கிருந்து ஈரானுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மீன்பிடிக்கப் போவது பல வருடப் பழக்கம். அங்குள்ள முதலாளியின் படகில், மாதச் சம்பளம் என்று இல்லாமல், பிடிபாட்டில் பங்கு என்ற கணக்கில் வேலை. பிடிபாடு உண்டென்றால் பங்கு உண்டு. தொழில் நின்றால் பங்கும் இல்லை, பல இடங்களில் சாப்பாடும் இல்லை.

ஈரானில் கொரோனா மிக முன்னதாகவே, 2020 பிப்ரவரியில் பரவியது. விமானங்கள் நின்றன. தமிழகத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் அங்குள்ள தீவுகளிலும் துறைமுகங்களிலும் மாட்டிக்கொண்டார்கள். படகிலேயே தூங்கினார்கள். குடிநீருக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடுவதாகப் போனில் காணொளி எடுத்து அனுப்பினார்கள். காணொளி எடுத்தவர்கள் ஆண்கள். அதை ஊர்க் குழுவுக்கும் பங்குத்தந்தைக்கும் செய்தியாளருக்கும் அனுப்பியது, பாஸ்போர்ட் நகலைத் தேடி எடுத்தது, பெயர்ப் பட்டியலில் தன் வீட்டு ஆள் விட்டுப்போகவில்லையே என்று சரிபார்த்தது போன்ற கரை வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் மேல் விழுந்தது. ஊரடங்கில் பேருந்து இல்லை. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டமும் இல்லை. மனுக் கொடுக்கும் வழக்கமான வாசலே மூடியிருந்த காலம் அது.

இந்தியக் கடற்படை ‘சமுத்திர சேது’ என்ற பெயரில் கப்பல்களை அனுப்பியது. ஜூன் மாதம் ஐ.என்.எஸ். ஷர்துல் பந்தர் அப்பாஸிலிருந்து 233 பேரைப் போர்பந்தருக்குக் கொண்டுவந்தது. 2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா 687 பேருடன் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள், குமரி மாவட்டத்துக்காரர்களே அதிகம். கப்பலில் இடமில்லை என்று நாற்பது பேரளவில் அங்கேயே விடப்பட்டார்கள். பிப்ரவரி கடைசியில் தொடங்கிய காத்திருப்பு ஜூலையில் முடிந்தது, சில வீடுகளில் அப்போதும் முடியவில்லை. வந்தவர்கள் ஒரு பைசா பங்கில்லாமல் வந்தார்கள். போவதற்கு வாங்கிய கடன் மட்டும் வட்டியோடு காத்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பெண்கள் இதே வேலையைச் செய்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பெயர்ப் பட்டியலும் புகைப்படமுமாக அலைந்தவர்கள் அவர்கள்தான். குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். 2020இல் பட்டியல் போடக் கைகள் பழகியிருந்தன.

சட்டம் போட்ட கோடு

எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டில் அண்ணன் கப்பலுக்கும் தம்பி படகுக்கும் போவது உண்டு. கரையில் அவர்கள் மனைவிகள் செய்யும் வேலை ஒன்றேதான். ஆனால் சட்டம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றது. தொடர்ந்து பதினோரு மாதத்துக்கு மேல் ஒருவரைக் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு அதிலிருந்து வருவது. எழுத்தில் ஒப்பந்தம், சொந்தச் செலவில்லாமல் ஊர் திரும்பும் உரிமை, மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. தொற்றுக்காலத்தில் அரசுகள் இதை மீறின என்று 2020 டிசம்பரில் அந்த அமைப்பின் நிபுணர் குழுவே சொன்னது. அத்தான் பதினைந்து மாதம் கிடந்ததும் இந்த மீறலில் சேர்ந்ததுதான். ஆனாலும் மீறல் என்று சொல்ல ஒரு சட்டமாவது இருந்தது. அக்காளுக்குக் கையில் ஒப்பந்தத் தாள் இருந்தது, கூப்பிட ஒரு எண் இருந்தது, கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருந்தது.

அந்த உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. பழைய பாணியில் கட்டிய மரக்கலங்களுக்கும் பொருந்தாது. அதாவது மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தூத்துக்குடித் தோணியும் வெளியே, ஈரானில் பங்குக்கு மீன்பிடிக்கும் குமரி மீனவரும் வெளியே. மீன்பிடித் தொழிலுக்கென்று தனியாக 188ஆம் எண் உடன்படிக்கை 2007இல் வந்தது. அது உலக அளவில் நடைமுறைக்கு வந்த நாள் 2017 நவம்பர் 16. ஒக்கி அடித்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. இந்தியா அதை ஏற்கவில்லை. 2020இல் கடலோடிகள் ‘முக்கியப் பணியாளர்கள்’ என்று உலகம் கொண்டாடியபோது, ஈரானில் கிடந்தவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. அவர்களின் மனைவிகளிடம் காட்ட ஒப்பந்தத் தாளும் இல்லை.

கப்பலில் பெண்களே இல்லையா என்று மாணவிகள் கேட்பதுண்டு. இருக்கிறார்கள். 2021இல் உலகில் 18.9 லட்சம் கடலோடிகளில் சான்றிதழ் பெற்ற பெண்கள் 24,059 பேர், நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. அவர்கள் உடம்புக்குச் சேரும் அளவில் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதச் செய்வதற்கே 2022 வரை ஆனது. அதே திருத்தத்தில், கப்பலில் இணைய வசதி தர வேண்டும் என்பதும் சேர்ந்தது. 2024 டிசம்பரில் இவை நடைமுறைக்கு வந்தன. நெட் கார்டு வாங்கிக் கூப்பிட்ட அந்த அழைப்பு இப்போது ஓரளவு உரிமையாகியிருக்கிறது. கப்பலுக்கு மட்டும். படகுக்கு இன்னும் இல்லை.

சந்தை மூடியபோது

காத்திருந்த பெண்கள் சும்மா இருந்து காத்திருக்கவில்லை. கடற்கரைப் பெண்களில் பலர் மீன் விற்பவர்கள். ஏலத்தில் எடுத்து, கடவத்தில் வைத்து, பேருந்தேறி நாஞ்சில் நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கும் தொழில். 2020 மார்ச்சில் பேருந்து நின்றது, சந்தை மூடியது. ஏப்ரல் 10 அன்று கடல் மீன்பிடிக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு வந்தது. ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. சின்னமுட்டம் அந்தக் கணக்கில் வருவது. கொளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கு, அங்கே தடை அதற்குப் பிறகு. அந்த வருடம் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள். படகுக்குக் கிடைத்த இந்தச் சலுகை, பேருந்து இல்லாத மீன்காரிக்கு எந்தப் பயனும் தரவில்லை. மீன் இருந்தாலும் கொண்டுபோக வழியில்லை. இருசக்கர வண்டியும் டெம்போவும் வைத்திருந்த ஆண் வியாபாரிகள் அவர்களுடைய வாடிக்கை வீடுகளுக்குப் போனார்கள். பேருந்து திரும்பிய பிறகும் அந்த வீடுகளில் சில திரும்பவில்லை.

அந்த ஜூலையில் திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறை மீனவர் குடியிருப்பில் தொற்று பரவியபோது கமாண்டோக்களை நிறுத்தினார்கள். மீனவர் என்றாலே நோய் என்ற பேச்சு எல்லை தாண்டி இங்கும் வந்தது. அந்தப் பேச்சை வாசலில் நேருக்கு நேர் கேட்டவர் கடவம் சுமந்தவர்தான்.

எதை ஆவணம் என்று சொல்வது

திருவிதாங்கூர் அரசின் ஆவணங்களில் மீனவப் பெண்கள் வரும் இடங்களில் ஒன்று எனக்கு மறக்க முடியாதது. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859இல் வந்த அரசப் பிரகடனம், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஒப்புக்கொண்டபோது, முக்குவத்திகள் கட்டுவதுபோல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று ஓர் உவமை சொன்னது. இன்னொரு சாதிப் பெண்களின் உடையை அளக்க ஓர் அளவுகோலாக மட்டும் மீனவப் பெண் அந்தத் தாளில் நிற்கிறாள். அவள் என்ன விற்றாள், யாருக்காகக் காத்திருந்தாள் என்று அதில் இல்லை. 2020இன் ஆவணங்களில் ‘குடும்பத்தினர்’ என்று நிற்பவளைப் பற்றி நூறு வருடம் கழித்துத் தேடும் மாணவிக்கும் இதே கதிதான் நேரும், நாம் இப்போதே எடுத்து வைக்காவிட்டால்.

செய்ய வேண்டியவை பெரிய மர்மமில்லை. 188ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். வெளிநாட்டுப் படகுக்குப் போகிறவரின் பெயரும் முதலாளியின் பெயரும் பங்குக் கணக்கும் போகுமுன் எழுத்தில் பதிவாக வேண்டும், அதன் ஒரு பிரதி வீட்டில் இருக்கும் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். கப்பலானாலும் படகானாலும், ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்கவும் பதில் பெறவும் அவளுக்கு உரிமை வேண்டும். அடுத்த தொற்று வரும்போது விற்பனைக்குப் போகும் மீன்காரிக்குப் பேருந்தில் இடம் வேண்டும்.

அத்தான் 2020 டிசம்பரில் கொச்சியில் இறங்கினார். சில மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பக் கப்பலுக்குப் போனார். பிள்ளைகளின் பழைய புத்தகங்களை அக்காள் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தபோது அந்தக் கணக்கு நோட்டும் கட்டுக்குள் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன், இதைப் போய் எதற்கு என்றாள். முன்பக்கம் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. பின்பக்கம் ஆறு மாத அழைப்புகள். கடைசி வரியில் ‘கொச்சி. இறங்கியாச்சு’ என்று எழுதி, அதற்குக் கீழேயே சிலிண்டர் பதிவு எண்ணையும் குறித்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம், ஒரு மனுவின் நகல் இருக்கலாம், போனில் அழிக்காத ஒரு குரல் செய்தி இருக்கலாம். பழைய பேப்பர்காரர் வருமுன் ஒருமுறை பாருங்கள்.